கடையில் சேரும் காலி கேன், வாளி, டிரம்: திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கே அனுப்பலாம்?

புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் வாடகைக்கும் மாவு விலைக்கும் மாஸ்டர் சம்பளத்துக்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். காலி கேனுக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. மூன்று மாதம் போனதும் கொல்லைக் கதவு முழுசாகத் திறக்காது. எண்ணெய் கேன், சாஸ் கேன், ஊறுகாய் வாளி, கேக் ஜெல் டப்பா, தரை துடைக்கிற ஃபினாயில் கேன், கடைக்கு வண்ணம் அடித்தபோது மிஞ்சிய பெயின்ட் வாளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

பாளையங்கோட்டையில் பலகாரக் கடை வைத்த புதிதில் என் கொல்லையும் இப்படித்தான் கிடந்தது. ஐப்பசி மழையில் அந்தக் குவியல் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு கேனிலும் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. 2012-இல் டெங்கு இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று கண்ணால் பார்த்தவன் நான். அன்றைக்கே எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போதிலிருந்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேக்கரி, ஓட்டல், டீக்கடை, பட்டறை, சின்ன கம்பெனி என்று எதைத் தொடங்கியிருந்தாலும் வழி இதுதான். திருநெல்வேலி டவுனில் இருந்தாலும் அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் இருந்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "இதை எங்க போடுறது அண்ணாச்சி?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இதுல முன்னால என்ன இருந்துச்சு?" கேனின் நிறம், அளவு, கனம் எல்லாம் அப்புறம். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டால் அது எங்கே போக வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும். தெரியவில்லை என்றால், அந்தக் கேன் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அதை நம்பக் கூடாது.

முதலில் கேனைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஒரு 15 லிட்டர் எண்ணெய் கேனைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் மூன்று அம்புக்குறிகளால் ஆன முக்கோணம் தெரியும், நடுவே ஓர் எண். 1988-இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அடையாளம் இது. எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். உணவு வைக்கலாம் என்றோ மறுசுழற்சி நிச்சயம் நடக்கும் என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கடைக்காரருக்கு மூன்று எண்கள் தெரிந்தால் போதும். 2 என்றால் எச்டிபிஇ. எண்ணெய் கேன், ஃபினாயில் கேன், பெரிய நீல டிரம் எல்லாம் பெரும்பாலும் இதுதான். 5 என்றால் பிபி. பெயின்ட் வாளி, ஊறுகாய் வாளி, சூடான குழம்பு போட்டுக் கொடுக்கிற பார்சல் டப்பா இந்த வகை. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டிலும் கண்ணாடி போலத் தெரிகிற எண்ணெய் பாட்டிலும் ஜாடியும். 3 என்பது பிவிசி, 4 என்பது மெல்லிய கவர் வகை, 6 என்பது தெர்மாகோல் குடும்பம். மற்றதெல்லாம் 7. சுற்றிச் சுற்றி வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பாலிகார்பனேட்டில் செய்தவற்றுக்கு இந்த 7-தான் இருக்கும்.

எண் தேய்ந்துபோய் விட்டதா? ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். 2-ம் 5-ம் மிதக்கும், அவை தண்ணீரைவிட லேசு. 1, 3, 6 மூழ்கிவிடும். தெர்மாகோல் மட்டும் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். பழைய இரும்புக் கடைகளில் கை பழகியவர்கள் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்தக் காது வர நாளாகும், தண்ணீர் வாளி போதும்.

அதே அடிப்பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்புக்கு இரண்டு பக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த மாதத்தில் வார்த்த கேன் அது. ஐந்தாறு வருடம் வெயிலில் கிடந்த கேனை யாராவது 'புதுசு மாதிரி' என்று நீட்டினால் இந்த வட்டத்தைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு குறிகளைத் தேட வேண்டும். கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருந்தால் உணவுக்கென்று செய்த கேன். சின்ன வட்டத்துக்குள் யு என்ற ஆங்கில எழுத்தும் அதன்கீழ் என் என்ற எழுத்தும் இருந்து, பக்கத்தில் 1எச்1 அல்லது 3எச்1 என்று தொடங்குகிற வரி இருந்தால், அது அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்வதற்காகச் சோதித்துச் செய்த டிரம் அல்லது கேன். அதற்குள் நிச்சயம் நஞ்சுதான் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முத்திரையைப் பார்த்ததும் குடிதண்ணீர், தீவனம், உணவு மூன்றையும் மறந்துவிடுங்கள்.

மார்க்கரில் ஓர் எழுத்து

என் கடையில் காலியாகிற ஒவ்வொரு கேனிலும் அன்றைக்கே மார்க்கர் பேனாவால் ஓர் எழுத்து எழுதிவிடுவோம். உணவு இருந்தால் 'உ', சோப்பு, பசை, தண்ணீர் பெயின்ட் போன்றவை இருந்தால் 'சோ', நஞ்சு என்றால் 'ந'. இந்த ஓர் எழுத்துதான் மொத்த வேலைக்கும் ஆணிவேர். லேபிள் கிழிந்தபிறகு எந்தக் கேனில் எது இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

'உ' கேன்களுக்குத்தான் வாழ்க்கை நீளம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளின்படி, ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி உணவை அடைக்கக் கூடாது. 5 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள பிளாஸ்டிக் கேன்களை, உறுதியாகவும் கழுவ ஏற்றதாகவும் இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். சட்டம் இடம் கொடுத்தாலும் நான் அரிசி, பருப்பு, கல் உப்பு, பொரிகடலை மாதிரி உலர்ந்த சரக்கோடு நிறுத்திக்கொள்வேன். சுடச்சுட எண்ணெய், புளிக்கரைசல், ஊறுகாய் இவற்றைப் பழைய பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். சூடும் புளிப்பும் எண்ணெயும் பிளாஸ்டிக்கில் ஊறிய பழைய வாசனையையும் மற்றதையும் வெளியே இழுத்துவிடும். தயிருக்குக் காருகுறிச்சி மண்சட்டி இருக்கும்போது பழைய வாளி எதற்கு?

'சோ' கேன் மறுபடி உணவுப் பக்கம் திரும்பவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி. தோட்டம், கட்டட வேலை, துடைப்பது, கழுவுவது இவற்றுக்கு அனுப்புங்கள். பெயின்ட் வாளியில் ஒரு வசதி உண்டு. எமல்ஷன் பெயின்டை ஈரத்தோடு கழுவினால் சாக்கடைதான் வெளுக்கும். மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால், பிபி வாளியின் உள்பக்கத்திலிருந்து பெயின்ட் பால் ஏடு மாதிரி உரிந்துவரும். விளிம்பில் நகத்தால் கிளப்பிவிட்டு இழுத்தால் பெரிய பெரிய தோலாகக் கழன்றுவிடும்.

'ந' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பட்ட பாடு அதில்தான்.

சேரன்மகாதேவிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு வாழை. ஜீவாமிர்தம் என்கிற சாணக் கரைசல் உரம் கரைக்க டிரம் வேண்டும் என்றார். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் நீல டிரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "சோப்பு எண்ணெய்தான் இருந்துச்சு, நல்லாக் கழுவி வச்சிருக்கேன்" என்றார் அவர். நானும் நம்பினேன். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி எல்லாம் போட்டு நிழலில் வைத்துக் கலக்கினோம். இரண்டாம் நாள் நுரை கிளம்ப வேண்டும், புளித்த வாடை வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாளும் சாணித் தண்ணீராகவே நின்றது, மூக்கைக் குத்துகிற ஒரு நெடி மட்டும் மேலே வந்தது. டிரம்மைச் சாய்த்தபோதுதான் அடியோரத்தில் அந்த யு, என் முத்திரையைப் பார்த்தேன். நுண்ணுயிரைக் கொல்கிற ஏதோ ஒன்று அந்த பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருந்திருக்கிறது. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணில் ஊற்றாமல் தப்பித்தோமே என்றார். அவர் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி, ஆசிட், தின்னர், என்ஜின் ஆயில், முலாம் பூசுகிற ரசாயனம், மருத்துவமனைச் சரக்கு எல்லாம் 'ந'. பூச்சிமருந்து லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சையாக இருந்தாலும் அந்தக் கேனில் எதையும் வைக்கக் கூடாது. மருந்து தீர்ந்த உடனே கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. அப்புறம் ஆணியால் நாலு இடத்தில் குத்தி ஓட்டையாக்கிவிட்டால் யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்க முடியாது. கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ போகக் கூடாது.

தொழிற்கூடம் நடத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அபாய ரசாயனம் ஒட்டிய காலி பேரல், கேன், உள்ளுறை எல்லாம் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே வருகின்றன. காலி என்றாலும் அது சட்டப்படி கழிவுதான். பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி, ரசீதை ஃபைலில் வையுங்கள். பேட்டை தொழிற்பேட்டையிலும் கங்கைகொண்டான் சிப்காட்டிலும் யூனிட் போடுகிறவர்கள் முதல் நாளிலேயே இந்த ஏற்பாட்டைச் செய்துவிடுவது நல்லது.

தின்னர், பெட்ரோல் இருந்த டிரம்மைக் கிரைண்டர் வைத்து அறுக்கவே அறுக்காதீர்கள். உள்ளே நிற்கிற ஆவி ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். தொட்டியாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

மருத்துவமனைக் கேன் பற்றியும் கேட்கிறார்கள். டயாலிசிஸ் மையங்களிலிருந்து 10 லிட்டர் கேன்கள் வெளியே வருகின்றன, பார்க்கச் சுத்தமாக இருக்கும். உள்ளே இருந்தது உப்பும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கரைசல், அல்லது சோடா உப்புக் கரைசல். கேள்வி அதுவல்ல. அந்தக் கேன் எங்கெங்கே நின்று, எதன் பக்கத்தில் கிடந்து உங்களிடம் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே வந்து அள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்தபிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத எந்தக் கேனையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

காலியான அன்றே கழுவுங்கள்

ஒரு வாரம் கழித்துக் கழுவினால் நாலு மடங்கு வேலை. எண்ணெய் கேனை முதலில் ராத்திரி முழுக்க ஒரு பாத்திரத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். வடிகிற எண்ணெய் கொஞ்சம் என்று நினைப்போம், பத்துக் கேன் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் கேனுக்குள் இரண்டு கை உமியோ மரத்தூளோ போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், ஒட்டியிருக்கிற எண்ணெயை அது குடித்துவிடும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், இரண்டு கரண்டி சீயக்காய்த் தூள் அல்லது ஒரு கரண்டி சலவைச் சோடா, ஒரு கை கல் உப்பு. வாய் குறுகிய கேனில் கை போகாது, உப்புக் கல்தான் உள்ளே உரசித் தேய்க்கும். மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்காதீர்கள். சூட்டுக்குக் காற்று விரிந்து மூடி முகத்தில் தெறிக்கும். கொஞ்சம் தளர்த்தித் துணியால் பிடித்துக்கொண்டு குலுக்குங்கள். அடியில் 1 என்று இருந்தால் வெந்நீரே வேண்டாம், 70 டிகிரியை நெருங்கும்போதே அந்த வகை நெளிந்துபோகும்.

கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் கோடகன் கால்வாயும் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகிறவை, அவற்றில் எண்ணெய்ப் படலம் போகக் கூடாது. உமி போட்டு முதலில் துடைத்துவிடச் சொன்னதே அதனால்தான்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை. நன்றாகக் காய்ந்த கேனை மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். திறந்த உடனே மூக்கை வைத்து முகருங்கள். பழைய வாசனை வந்தால் அது உள்ளே ஊறியிருக்கிறது. எச்டிபிஇ வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வாசனை வருகிற கேன் 'உ'-வாக இருந்தாலும் உணவுக்கு வேண்டாம், செடிக்குப் போகட்டும்.

கழுவி முடித்ததும் லேபிளைக் கிழித்துவிடுங்கள். ஆரம்பத்தில் நான் இதைச் செய்யவில்லை. லேபிளும் மூடியும் அப்படியே இருந்த பத்துக் கேனை ஒருவர், நான் கேட்டதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். ஏன் அவ்வளவு கொடுத்தார் என்று அப்புறம்தான் உறைத்தது. நல்ல கம்பெனி லேபிள் ஒட்டிய கேனில் சில்லறை எண்ணெயை ஊற்றி, புது மூடி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெயைச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதனால் லேபிளைக் கிழித்து, மூடியைத் தனியாகப் போட்டு, கேனில் மார்க்கரால் குறுக்கே கோடு போட்டுத்தான் கொடுக்கிறேன்.

யாருக்குக் கொடுக்கலாம்

முதலில் வந்த வழியே திருப்பிவிடப் பாருங்கள். தண்ணீர் கேன், பால் டிரே, சோடா டிரே, பிரெட் டிரே எல்லாம் சரக்குப் போடுகிறவர்களுடையவை. சேர்த்துவைத்து நொறுங்கவிடாமல் அடுத்த லோடு வரும்போதே எண்ணிக் கொடுத்துவிடுங்கள். ஃபினாயில், சோப்பு எண்ணெய் போடுகிறவர்களில் பலர் பழைய கேனிலேயே நிரப்பித் தருவார்கள். கேட்டால்தான் உண்டு, கேட்காமல் யாரும் சொல்வதில்லை. காய்கறி டிரே கூடுதலாகக் கிடந்தால் நயினார்குளம் மார்க்கெட்டுப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடுத்துக்கொள்ள ஆள் வரும்.

அடுத்தது விவசாயிகள். சுத்தமான 'உ' டிரம் என்றால் எத்தனை கொடுத்தாலும் போதாத அளவுக்கு அவர்களுக்குத் தேவை இருக்கிறது. மேலே சொன்ன ஜீவாமிர்தம் ஓர் ஏக்கருக்கு ஒரு டிரம் கணக்கு. களக்காடு, நாங்குநேரி, சேரன்மகாதேவிப் பக்கம் வாழைக்கன்று நடும்போது கிழங்கைச் சூடோமோனாஸ் என்கிற, நோய் தடுக்கும் நுண்ணுயிர்க் கரைசலில் முக்கி எடுப்பார்கள், வாய் அகன்ற டிரம்தான் அதற்கு வசதி. பயிருக்கு மீன் அமிலம் போடுகிறவர்களுக்கு மூடியுள்ள ஊறுகாய் வாளி போதும். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூன்று வாரம் மூடி வைப்பார்கள். உவரிப் பக்கம் மீனுக்குப் பஞ்சமில்லை, வாளிக்குத்தான் பஞ்சம். கொடுக்கும்போது மார்க்கர் எழுத்தைக் காட்டி, உள்ளே என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பெரியப்பா விஷயத்துக்கு அப்புறம் இதை நான் ஒருமுறைகூட விட்டதில்லை.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பெயின்ட் வாளியை அள்ளிக்கொண்டு போவார்கள். 20 லிட்டர் வாளியில் கத்தரி, தக்காளி, மிளகாய் தாராளமாக வரும். பாதியாக அறுத்த டிரம்மில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைக்கலாம். ஓட்டையை நேர் அடியில் போடாமல், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் ஆறு இடத்தில் டிரில் போடுங்கள். வாளி தட்டையான தளத்தில் உட்கார்ந்தாலும் தண்ணீர் வடியும். காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டால் வருகிற புகை நெஞ்சுக்கு ஆகாது. செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பி நனைத்தால் ஒரு வாளி 20 கிலோவைத் தாண்டிவிடும், மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகச் செங்கல்மேல் வையுங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு வெள்ளைக் கேன் இரண்டு கோடையில் நொறுங்க ஆரம்பிக்கும். சாக்கைச் சுற்றிக் கட்டினால் அதன் ஆயுசு கூடும். கையால் அழுத்தும்போது மாவு மாதிரி ஒட்டினாலோ கீறல் விட்டாலோ செடியை மாற்றிவிட்டு அதை எடைக்குப் போடுங்கள். நொறுங்கி மண்ணோடு கலந்தபிறகு பொறுக்க முடியாது.

கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் நனைக்கக் கேனும் டிரம்மும் எப்போதும் வேண்டும். கடைப் பக்கத்தில் வீடு எழும்புகிறதா என்று பாருங்கள். "அந்த வாளி சும்மாதான கெடக்கு, நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டு வருகிற கொத்தனார் ஒருவர் எனக்கு நிரந்தரமாக இருக்கிறார். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேர்க்க உங்கள் கடையிலேயே ஒரு கேனை ஒதுக்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய திட்டத்தில் இந்த எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்குகிறார்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

எடைக்குப் போடும்போது

யாருக்கும் ஆகாதது, உடைந்தது, வாசனை போகாதது எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. இதில் வருமானம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பிரித்துக் கொடுத்தால் பிரித்த விலை, கலந்து கொடுத்தால் கலந்த விலை. ஒரு 200 லிட்டர் டிரம் எட்டிலிருந்து பத்துக் கிலோ வரை நிற்கும், பெயின்ட் வாளி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறையும். 2 எண்ணும் 5 எண்ணும் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றாக உருக்கினால் சரக்கு கெட்டுப்போகும், ஒன்று சுமார் 130 டிகிரியிலும் மற்றது 160 டிகிரிப் பக்கமும்தான் உருகும். அதனால்தான் இரும்புக் கடைக்காரர்கள் பிரிக்கக் கூலி கழிக்கிறார்கள். வெள்ளை கேனுக்குக் கலர் கேனைவிட மதிப்பு அதிகம், அதிலிருந்து எந்த நிறமும் செய்யலாம். கைப்பிடிக் கம்பி, ரப்பர் வளையம், அலுமினிய மூடி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, பெட் பாட்டிலை மிதித்து நசுக்கிச் சாக்கில் கட்டினால் ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு மடங்கு ஏறும்.

அங்கிருந்து இவை பெரிய வியாபாரிக்குப் போய், அரைத்து, கழுவி, உருக்கி, குருணையாக வெளியே வரும். அந்தக் குருணையில்தான் குழாய், தொட்டி, வாளி எல்லாம் மறுபடி வார்க்கிறார்கள். ஈரமும் எண்ணெயும் மண்ணுமாகப் போகிற சரக்கு பாதி வழியிலேயே குப்பைக்குத் திரும்பும். நீங்கள் கழுவிய கேன் குருணையாகிறது, கழுவாத கேன் இராமையன்பட்டிக் குப்பை மேட்டுக்குப் போகிறது.

கடை ரொம்பச் சின்னது, மாதம் நாலைந்து கேன்தான் சேரும் என்றால் வீட்டுக் குப்பை வாங்க வருகிற தூய்மைப் பணியாளரிடம் மட்காத குப்பையாகத் தனியே கொடுங்கள். அவர்களில் பலர் இதைப் பிரித்து விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கிறார்கள், கழுவிக் கொடுப்பது அவர்கள் கைக்குச் செய்கிற மரியாதை. 'ந' கேனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அவர்களிடம் நீட்டாதீர்கள்.

எரிப்பது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. பிவிசி எரிந்தால் ஆசிட் புகையும் டையாக்ஸின் என்கிற நஞ்சும் வரும். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கிறது.

போகும்வரை எங்கே வைப்பது

கூரைக்குக் கீழே, கவிழ்த்து, மூடி தனியாக. வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் கயிறு போட்டுக் கட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் மிதந்து போனவை காலி கேன்கள்தான். மதகிலும் பாலத்தடியிலும் போய் அடைத்துக்கொள்பவையும் அவைதான்.

தண்ணீர் நின்ற கேனைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்குக் கொசு முட்டையை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் அது உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் பட்டதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

எங்கள் கடையில் சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்த நேரம் இதற்குப் போதும். வாரத்தில் சேர்ந்த கேன்களை எழுத்துப்படி மூன்று மூலையில் பிரித்து, 'உ'-வை எண்ணி, யார் கேட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு ஃபோன் போடுவோம். மாதக் கடைசியில் எடைக்குப் போவது தனி. 'ந' மூலைக்குப் பூட்டுப் போட்டு, சாவி என்னிடம் இருக்கும். கொல்லைக் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டு தொங்குகிறது. எந்தத் தேதியில் எத்தனை கேன், யாருக்கு, உள்ளே என்ன இருந்தது என்று நாலு கட்டம். கடையில் வேலைக்குச் சேருகிற பையனுக்கு ஜிலேபி பிழியக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அந்த நாலாவது கட்டத்தை எப்படி நிரப்புவது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறேன்.